வடக்கிருத்தல்

மேசையில் வரைபடத்தை விரித்தேன்.
தெற்கே மூன்று பெரிய ஜன்னல்கள்.
வடக்கே குளியலறை, விறகறை, மூடிய சுவர்.
நெலிடா உவெந்தேயோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"இது எந்த ஊருக்கு வரைஞ்சது?"

எந்த ஊருக்கு.
சூரியன் தெற்கே நடக்கும் நாட்டில் அச்சான
பாடப்புத்தகத்துக்கு.
நான் பிறந்ததோ இங்கே, படகோனியாவில்.
நாற்பது வருட நண்பகல்களில்
என் நிழல் தெற்கே விழுந்துகொண்டிருந்ததை
நான்தான் பார்க்கவில்லை.

ஆண்டின் மிகக் குறுகிய பகல் அன்று
சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
உறைந்த மனைக்குப் போனாள்.
பின்னால் நான், கோணமானியோடு.
பத்து மணிக்கு மலைவிளிம்பில் வெயில் எட்டிப் பார்த்தது.
பக்கத்து வீட்டு நிழல் வந்து மடியைத் தொட்டால்
எழுந்து நகர்வாள்.
நகர்ந்த இடத்தில் ஒரு கல்.
உச்சியில் இருபத்தோரு பாகை என்றேன்.
"குனிஞ்சு வருது. அடுப்படி வரைக்கும் வரும். வரட்டும்."
நாலு மணிக்குப் பதினோரு கற்கள்,
மனையின் குறுக்கே கோணலான ஒரு வளைவு.
அதன்மேல்தான் சுவர் எழுந்தது.

இறவாரத்தை ஒன்றரை முழம் நீட்டினேன்,
டிசம்பர்ச் சூரியன்
ஜன்னலை மிதிக்காதபடி.
தரைக்குக் கருங்கல்.
கண்ணாடிக்குப் பின்னால்
எவரிஸ்தோ குடித்துத் தீர்த்த ஒயின் ஜாடிகள் பதினேழு,
கரி பூசி, தண்ணீர் நிரப்பி.
"உசுரோட இருந்தப்ப ஒருநாளும்
வீட்டுக்குச் சூடு தந்ததில்ல இவன்."

வடக்கிருந்தது வீடு,
வயிறு முட்ட வெயில் தின்றுகொண்டு.

இருட்டுமுன் பலகைக் கதவுகளை அடைத்துவிடுவாள்.
பகலில் வாங்கித் தந்த கண்ணாடியே
ராத்திரியில் திருடும் என்று
நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா அவளுக்கு.

ஜூலையில் விறகுக்காரன் ரோசமேல்
வழக்கம்போல் ஏழு வண்டிக்கு விலை பேசினான்.
இரண்டு போதுமென்றாள்.
புகையில்லாத புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தான்.
"மக வீட்டுக்குப் போறியா?"

தெற்கு அறை இன்னும் குளிர்தான்.
என் கணக்கு அங்கே தோற்றது.
உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறாள்.

போன வாரம் தொலைபேசினாள்.
நடுச்சாமம் மூன்று மணிக்கு எழுந்து
ஜாடியைத் தொட்டுப் பார்க்கிறாளாம்.
"நேத்துப் பகல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு" என்றாள்.
அப்புறம்,
"ஒன்பதாவது ஜாடி ஒழுகுது.
வரும்போது மெழுகு கொண்டா."