கதிரையில் ஆள் இல்லை

தூண் என்று பெயர்; நிமிர்ந்து நிற்கும் என்று நினைக்காதீர்கள்.
ஏரிக்கரையில் குந்தியிருக்கிற ஊர்.
சனவரி. நேரம் நாலு பத்து.
பனி கணுக்கால் தாண்டிவிட்டது.
நகரசபைக் கொட்டகையில் நானும்
செம்மஞ்சள் நிறச் சின்ன ட்ராக்டரும்.

திறப்பைத் திருப்பினேன்.
சுருள் விளக்கு எரிந்தது, அணைந்தது. நல்லது.
இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
ஒரு 'டிக்' கூட இல்லை.

'டிக்' என்றாவது சொன்னால் விசாரணை தொடங்கலாம்:
பற்றரி சோர்ந்ததா, முனையில் பூஞ்சணமா,
ஸ்டார்ட்டர் இறுகிப்போனதா என்று
ஆட்களை வரிசையில் நிறுத்தலாம்.
வாயே திறக்காததை
எங்கே பிடித்து உலுக்குவது?

ஐந்து நாலுக்கு முதல் ரயில்.
அதற்குள் நிலையத்துச் சரிவை வழித்து உப்புப் போடவேண்டும்.
வெதுப்பகத்துப் பெட்டை வருவாள்,
காலை ஷிப்ட் தாதி வருவார்,
மட்டைகளைத் தோளில் சுமந்து
மலையில் சறுக்கவே காசு கட்டிப் போகிற தம்பதி வருவார்கள்;
அவர்கள் என் சரிவில் சறுக்கினால் மட்டும்
நகரசபைக்குக் கடிதம் வரும்.

மூடியைத் திறந்தேன்.
கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு
மீற்றரின் சிவப்பு ஊசியைக் கூட்டலில் வைத்தேன்,
கறுப்பைக் கழித்தலில்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
பற்றரி நிரபராதி.
நிலவயர் பச்சை பூத்திருந்தது,
கத்தியால் சுரண்டி இறுக்கினேன்.
திருப்பினேன்.
மௌனம் இன்னும் சுத்தமாயிற்று.

உருகி முழுசு.
கிளச்சை அமுக்க அதன் சுவிட்ச் ஒழுங்காகக் கீச்சிட்டது.
சொலினொயிட்டின் மெல்லிய வயரில் ஊசியை வைத்து
பக்கத்தில் நின்றபடி எட்டித் திறப்பைத் திருப்பினேன்:
பூச்சியம்.
கட்டளையே வந்து சேரவில்லை.
வழியில் யாரோ மறிக்கிறார்கள்.

(அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.
நின்றபடி எவள் திருப்பினாலும்
பூச்சியம்தான்.)

நாலு முப்பத்தொன்றுக்கு ஊர்ஸை எழுப்பினேன்.
பின்தெருவில் வீடு; பைஜாமாவுக்கு மேல் ஜாக்கெட்டோடு வந்தான்.
நான் நீட்டிய மீற்றரை அவன் பார்க்கவில்லை,
சொன்ன இலக்கங்களைக் கேட்கவில்லை,
ஏறிக் குந்தினான், திருப்பினான்,
பிடித்தது. ஒரே பிடி.
"என்ன பிரச்சினை?"

நிறுத்து, இறங்கு என்றேன்.
நான் ஏறினேன்: ஊமை.
அவன் ஏறினான்: உறுமல்.
நான்: ஊமை.
கொட்டாவி விட்டபடி அவன் மறுபடி ஏற
பாட்டில்லாத சங்கீதக் கதிரை விளையாட்டு.

கதிரைக்கு அடியில் கையை விட்டேன்.
இலையுதிர்காலத்தில் பூட்டிய புதுக் கதிரை,
குளிரில் விறைத்த ஸ்பிரிங்,
அதன் கீழே சுண்டுவிரல் அளவில் ஒரு சுவிட்ச்,
அமுங்காமல், அலட்சியமாக.
ஊர்ஸ் நூற்றுப் பதினொரு கிலோ.
நான் நாற்பத்தாறு.
இவ்வளவு நேரமும் அந்த இயந்திரம்
நேர்மையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது:
கதிரையில் ஆள் இல்லை.

"இரண்டு வயரையும் முறுக்கி விடவா?" என்றான்.
வேண்டாம் என்றேன்.
சரிவில் நான் தூக்கி எறியப்படுகிற நாளில்
அது நிற்கவேண்டும்.
நான் இல்லாததைக் கண்டுபிடிக்க
அது ஒன்றுதான் அங்கே இருக்கும்.

பத்துக் கிலோ உப்புப் பை ஒன்றை இழுத்து
மடியில் வைத்தேன்.
திறப்பைத் திருப்பினேன்.
கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்;
சிரித்தேன், ஊர்ஸுக்கு மொழிபெயர்க்க நேரமில்லை.

சரிவை வழித்து முடிக்க ஐந்து மணி.
வெதுப்பகத்துப் பெட்டை கைபேசியைப் பார்த்தபடி,
கீழே ஒருதரமும் பார்க்காமல்
நடந்து போனாள்.

பிறகு பழுதுச் சீட்டு நிரப்பினேன்.
பழுது: கதிரைச் சுவிட்ச்.
காரணம் என்ற கட்டத்தில் 'குளிர்' என்று எழுதி
வெட்டிவிட்டு
'ஊர்ஸ்' என்று எழுதினேன்.