ஏழு ஏழாக

நவம்பரில் விழுந்தேன்.
மீன் ஆலைக்கும் படகுத்துறைக்கும் நடுவே நாற்பதடி,
பதினோரு வருடம் நடந்த வழி.
பனிக்கட்டிமேல் அன்று மெல்லிய மழை பெய்திருந்தது.
கால் முன்னே போனது, வானம் கீழே வந்தது.
எழுந்து, கையுறையைப் பொறுக்கிக்கொண்டு
ஷிப்டை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்றாம்.
என் கம்பளித் தொப்பியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.
போனது வேறு ஏதோ.

வார்டோவில் அந்த மாதக் கடைசியில் சூரியன் போய்விடும்,
இரண்டு மாதம் வராது.
ஊரே முகம் சுண்டித் திரியும் அந்த இருட்டு
எனக்கு மட்டும் ஈரத்துணிபோல் நெற்றியில் கிடந்தது.
குளிர்பெட்டியைத் திறந்தால் உள்விளக்கு
கண்ணுக்குள் ஊசி ஏற்றும்.
ஓட்லைவ் அந்த பல்பைக் கழற்றிக்
கரண்டிகளோடு போட்டுவைத்தான்.
பிறகு பழைய காலுறைகளை வெட்டி
நாற்காலிக் கால்களுக்கு மாட்டினான்.
அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில்
குறைவில்லாமல் உடுத்தியிருந்தவை நாற்காலிகள்.

கிர்கெனெஸ் மருத்துவமனையில் கேட்டாள்:
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்.
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
அதற்குப் பின் ஓர் எண் இருந்தது.
இருந்தது என்று எனக்குத் தெரியும்,
நாளுக்கு முந்நூறு பெட்டி எடை போட்டவள் நான்.
மேசைக்கடியில் உருண்டுபோன பொத்தான் அது.
குனிந்தால் தலை சுற்றும்.
விட்டுவிட்டேன்.

படத்தில் ஒன்றுமில்லை என்றாள்.
நல்ல செய்தியாகத்தான் சொன்னாள்.

கட்டு இல்லை, தையல் இல்லை, ஊன்றுகோல் இல்லை.
கடையில் எதிர்ப்பட்ட மேற்பார்வையாளர் ஸ்டெய்னுல்ஃப்
"நல்லாத்தானே இருக்கே" என்றார்.
கறுப்பு ரொட்டியின் பெயர் வராமல்
விரலால் காட்டிக்கொண்டு நின்றேனே,
அதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

ஜனவரியில் சூரியன் திரும்பும்.
முழு வட்டமும் தெரிந்தால் கோட்டையில் பீரங்கி முழங்கும்,
பள்ளிக்கூடம் விடுமுறை.
எல்லோரும் தெற்கு பார்த்து நின்றார்கள்.
நான் குளியலறையில், விளக்கை அணைத்து,
காதில் மெழுகு, மேலே ஆலைக் காதுக்காப்பு,
அதற்கும் மேலே தலையணை.
முழக்கம் காது வழியாக வரவில்லை,
தரை வழியாக, பல் வழியாக வந்தது.
கதவுக்கடியில் டூர்டிஸ் ஒரு காகிதத்தைத் தள்ளினாள்.
சாயங்காலம்தான் படித்தேன்.
"வந்துடுச்சு."
அம்மாவிடம் மெதுவாகப் பேசு என்றிருந்தோம்.
எழுத்தையும் சிறிதாக்கியிருந்தாள்.

மொறுமொறு ரொட்டியை மென்றதற்காக
ஓட்லைவ்மேல் கோப்பையை எறிந்தது மார்ச்சில்.
படவில்லை.
அவன் மிச்சத்தைக் கொட்டகையில் நின்று தின்றான்,
பனியில், வாயை மூடியபடி.
இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

வலி தொடங்குமுன் நிறுத்து என்பதுதான் மருந்து.
மூன்று விளக்குக் கம்பம் நட, திரும்பு.
மறுவாரம் நான்கு.
ஏப்ரலில் ஒருநாள் தலை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.
அத்தனை ஜன்னலும் கழுவினேன், உரக்கச் சிரித்தேன்,
தொலைபேசியில் அக்காவோடு ஒரு மணி நேரம்.
கந்துவட்டிக்கு வாங்கிய நாள் அது.
நான்கு நாள் படுக்கையில் கட்டினேன்.
மறுபடி இரண்டு கம்பம்.

இப்போது ஜூன். சூரியன் இறங்குவதே இல்லை.
ஜன்னலில் தடித்த திரை, அதன்மேல் மீன்பெட்டி மூடும் தார்ப்பாய்.
ஆலையில் காலை இரண்டு மணி நேரம், ஓரத்துத் தராசில்,
கறுப்புக் கண்ணாடியோடு.
மூன்றாம் மணியில் எழுத்துகள் நீந்தத் தொடங்கும்,
அதற்கு முன் கழற்றிவைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.
ஸ்டெய்னுல்ஃப் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
பார்க்கட்டும்.

நேற்று பூட்ஸ் கட்டக் குனிந்தபோது
கூப்பிடாமலே வந்தது:
எழுபத்தொன்பது.
அப்படியே குனிந்திருந்தேன்.
தலை சுற்றியது, கொஞ்சம்தான், பிறகு நின்றது.
எழுபத்தொன்பது. எழுபத்து
ஒன்றா?

இருக்கட்டும்.
டூர்டிஸ் வாசலில் காத்திருந்தாள்,
ஏழாவது கம்பம்வரை போய்வரலாமா என்று
கிட்டத்தட்டத் தன் சொந்தக் குரலில் கேட்டாள்.

பல்பு இன்னும் கரண்டிகளோடுதான் கிடக்கிறது.