பர்லியாறு ரசம்

இருபது வருஷமாக மத்தியானத்தில்
குன்னூரில் இல்லாதவன்
இந்த ஏப்ரலில் பன்னிரண்டடிக்கத் தட்டோடு நிற்கிறான்.
என் ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு
'பர்லியாறு கடையில் பூண்டைத் தோலோடு தட்டுவாங்க'
என்றான்.

கரண்டியைக் கையில் கொடுத்தேன்.

தட்டினான், அம்மி இரண்டாகிற மாதிரி.
தக்காளி இல்லை,
மேட்டுப்பாளையம் லாரி ஏறி எட்டு நாள்.
வேலியோரம் பறித்த மரத்தக்காளி மூன்று,
மிளகு கைக்கு வந்தபடி.
கேத்தி ஜோகி காசு வேண்டாமென்று
இறக்கிப்போன கேரட் மூட்டையிலிருந்து
ஒரு பொரியல்.

'வண்டியில சாப்பிடலாமா?'

சவாரிக்காரர் ஒரு பிஸ்கட் பிரித்தாலே
ஓரங்கட்டி நிறுத்துகிறவன்.
ஏறினோம்.
மடியில் சில்வர் தட்டு,
கண்ணாடி முழுக்க ரசத்தின் ஆவி,
வெளியே மேகம் பானெட்டில் வந்து உட்கார்ந்தது.
உப்பு கூடுதல்தான்.

பின்சீட்டிலிருந்து ஷெரின் கேட்டாள்:
'இது எந்த வளைவுப்பா?'

'ஒன்பதாவது. கெட்டியாப் பிடிச்சுக்கோ'
என்று
ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கை ஒடித்தான்.

என் தட்டு சாய்ந்து
நிஜமாகவே சிந்தியது, புது சீட் கவரில்.
பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தான்.