நட்டம் கைமாறும் இடம்

திரியெஸ்தே. மூன்றாம் மாடி.
நிவெஸ் கொசுட்டா விடைத்தாள் திருத்துகிறார்.
ஆண்டுதோறும் கேள்வி ஒன்றுதான்:

பிரேசிலில் ஏற்றிய காப்பி மூட்டைகள்
நடுக்கடலில் நனைந்துவிட்டன.
நட்டம் யாருக்கு?

விற்றவனுக்கு அல்ல.
சரக்கு கப்பலேறிய நொடியே
ஆபத்தும் கைமாறிவிடும்.
இருபது வருடம் இதைச் சொல்லிச் சொல்லி
அவருக்குக் கடலே
ஓர் உட்பிரிவு.

நாற்பத்தோராவது தாள், எர்மிருடையது.
விதி எண் இல்லை, தீர்ப்பு இல்லை.
"நனைந்த மூட்டை எழுபது கிலோ தாண்டும், பேராசிரியரே.
போன கோடையில் சுமந்தேன்.
கூலி மட்டும்
உலர்ந்த எடைக்கு."

போரா காற்று
சன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
சிவப்புப் பேனாவை மூடினார், திறந்தார்.
கேட்டதற்கு இது பதில் இல்லையே.
முப்பதுக்குப் பூஜ்யம்.

அப்புறம் ஓரத்தில், பென்சிலால்,
பன்னிரண்டு கிலோ, நாளுக்கு முந்நூறு மூட்டை,
பெருக்கிப் பார்த்திருக்கிறார்.
தாளோடு என் அறைக்கு வந்தார்:
"இது எந்த நீதிமன்றத்தில் வரும்?"

நான் வரி ஒப்பந்தங்கள் நடத்துகிறவன்.
தொழிலாளர் சட்டம் கீழ்த்தளத்தில், என்றேன்,
நாலு மணிக்கே
பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

மணி நாலே கால்.
அவர் படியிறங்கும் சத்தம்
கேட்டுக்கொண்டே இருந்தது.