மூன்றாம் சுருள்

வெள்ளி பின்னேரம் ஆறரை.
மாங்குளம் அருங்காட்சியகத்தின் பின்கூடம்
முன்னர் நெல் அடுக்கிய களஞ்சியம்.
மின்விசிறி சுழன்றால் இப்போதும்
கூரையிலிருந்து உமி இறங்கும்.
ஒளிக்கற்றைக்குள் அது
படத்தில் தனக்கும் பங்குண்டு என்பதுபோல் பறக்கும்.

நாற்பத்திரண்டு பிளாஸ்டிக் கதிரை,
இன்றைக்குப் பதினேழு பேர்.
நுளம்புக்குப் பயந்து இருவர்
காலை மேலே எடுத்துவிட்டார்கள்.
பஸ்ஸுக்கு நேரம் கிடக்கிறதென்று வந்தவர் ஒருவர்.
அதை அவர் மறைக்கவும் இல்லை.

என் வேலை ஒலிவாங்கி.
மதகுச் சக்கரம் வைத்த கண்ணாடிப் பெட்டிக்கும்
மணல் நிரப்பிய தீ வாளிக்கும் நடுவில் ஒரு ஸ்டூல்.
படம் ஆங்கிலத்தில் பேசப் பேச
எழுதி வைத்ததைத் தமிழில் வாசிப்பேன்.
போன மாதம் பழைய பகிடிப் படம் ஒன்று.
விழப்போகிறவன் விழமுன்னமே
நான் பகிடியை வாசித்துவிட்டேன் என்று
றொபின்சன் ஒரு கிழமை கதைக்கவில்லை.
அவன்தான் இயந்திரம் ஓட்டுகிறவன்.

இன்று ஆவணப்படம். ஒரு குளம் கட்டிய கதை.
எந்த ஆண்டு என்பது பெட்டியின் மூலையில் இருந்தது,
மூலையை எலி தின்றுவிட்டது.

முதற் சுருளில் காடு.
இரண்டாம் சுருளில் காடு இல்லை.
மூன்றாம் சுருளில் கட்டு எழும்புகிறது.
மண் கூடையோடு பெண்கள் வரிசையாய் ஏற
குரல் சொல்கிறது, நானும் சொல்கிறேன்:
"மக்கள் மகிழ்வுடன் உழைக்கின்றனர்."

அங்கே ஒருத்தி நிற்கிறாள்.
வரிசையை விட்டு விலகி, தலையில் கூடையோடு,
நேரே கமராவைப் பார்த்து
ஏதோ சொல்கிறாள். நாலு நொடி.
அவள் சத்தத்தை ஒருவரும் பிடிக்கவில்லை,
மேலே வயலின் ஓடுகிறது.

முன்வரிசையில் வதனரூபி எழும்பினா.
ஒரு வெள்ளியும் தவறவிடாதவ,
என் வாசிப்பை ஒரு நாளும் கேட்காதவ.
பன்னிரண்டு வயதில், அந்தச் சித்திரையில்,
இரண்டு காதும் போனதை
பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியிருக்கிறா.
அதற்கு மேல் எழுத அதில் இடமில்லை.

"திருப்பிப் போடுங்கோ," என்றா,
தன் அளவு தெரியாத உரத்த குரலில்.
"அவ கதைக்கிறா."

றொபின்சன் புறுபுறுத்தான், அறுந்தால் ஆர் ஒட்டுறது.
ஆனாலும் திருப்பினான்.
கூடைகள் பின்னோக்கி இறங்கின,
மண் தன் கிடங்குக்குத் திரும்பியது,
இன்னும் கொஞ்சம் விட்டால்
காடு வந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுபடி. மறுபடி.
நாலாம் முறை, பஸ்ஸுக்கு வந்தவர்
மணிக்கூடு பார்க்கவில்லை.

"இது என்ன பணம் எண்டு கேக்கிறா."

கூடம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது.
"பார், அண்டைக்கும் கூலியிலைதான் கை வைச்சிருக்கிறாங்கள்,"
பின்னால் ஒருவர் தொடங்க,
அவ கையசைத்து மறித்தா.
"பொறுங்கோ. இது என்ன மணம் எண்டும் இருக்கலாம்.
உதட்டிலை ரெண்டும் ஒண்டுதான்.
மூக்காலை போறதை ஆர் காணுறது?"

பிறகு பதினேழு பேரும்
பணம், மணம், பணம் என்று
சத்தமில்லாமல் வாயசைத்துப் பார்த்தோம்,
கரையில் கொட்டிய விரால்கள் மாதிரி.

கமராக்காரன் சென்ற் பூசியிருப்பான் என்றார் ஒருவர்.
இல்லை, எரித்த காட்டின் மணம்.
இல்லை, அவள் கையில் கிடந்த சில்லறை.
"படத்துக்குள்ளை மணம் வராது," என்றான் றொபின்சன்,
சுருள் சூடேறி
கூடம் முழுக்க வினாகிரி மணக்க.

இரவு வீட்டில் தாளை எடுத்து
"மகிழ்வுடன்" மேல் பென்சிலால் ஒரு கோடு.
பிறகு கோட்டையும் அழித்தேன்.
ஓரத்தில் எழுதினேன்: இங்கே வாசிக்காதே. நாலு நொடி.

அடுத்த வெள்ளி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதே படம்.
அந்த இடம் வரும்போது
ஸ்டூலில் வந்து இருக்க ஏலுமோ என்று
வதனரூபியிடம் எழுதிக் கேட்டேன்.

"அதுக்குப் பணம் தருவியளோ?"

பணம்தான்.
எனக்குக் காது கேட்கும்.