நடக்கிற வேகம்

படிவத்தில் ஏழாவது கேள்வி:
மோதியபோது வேகம் என்ன?
ஆள் நடக்கிற வேகம் என்றேன்.
எந்த ஆள் என்றார்
கோலாலம்பூரிலிருந்து வந்த அதிகாரி, சிரிக்காமல்.
நான்தான்.
இடது இறக்கை நுனியோடு
டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு போனவள்.

அந்தக் காலை சுங்கை கெர்பாவில்
கடலுக்கு அப்பால் எரிந்த காடு
எங்கள் வாய்க்குள் இருந்தது.
பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள்.
பெரட்டில் பேர் கூப்பிட்டதும்
இருமிக் காட்டினார்கள், இருக்கிறோம் என்று.
செம்பனைக்கு உரம் பிந்தி மூன்று வாரம்.
பறக்க அனுமதியில்லை;
தரையில் உருட்ட யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.
தெளிந்ததும் ஏறணும், ஓடுதளத் தலையில் தயாராய் நில்லுங்கள்
என்றார் மேனேஜர்,
ஜன்னல் சாத்திய காருக்குள்ளிருந்து.

மூக்கை நிமிர்த்தி வாலில் உட்காரும் விமானம் அது.
உருளும்போது ஓட்டுகிறவருக்கு எதிரே தெரிவது
எஞ்சின் மூடியும் வானமும்.
அதனால் வளைந்து வளைந்து போக வேண்டும்,
வலப்பக்கம் ஒரு பார்வை, இடப்பக்கம் ஒரு பார்வை.
மீதிப் பார்வைக்குத்தான் எங்களுக்கு நாள்கூலி.

ரேடியோவில் கேப்டன் ஷம்சூல்
ஸ்டோர் பக்கம் இருக்கிறேன் என்றார்.
ஸ்டோர் இரண்டு.
ஞானதிரவியம் சார் மற்றதை நினைத்துக்கொண்டு
சரி என்றார்.
அந்தச் சரிக்குள்
இரண்டு விமானமும் உருண்டன.

நான் பார்த்தது என் நுனியை மட்டும்:
சிவப்பு விளக்கு, அதைச் சுற்றி ஒரு முழம் புகை.
உள்ளே இன்னொரு எஞ்சின் கேட்டது.
எங்களுடையதின் எதிரொலி என்று எடுத்துக்கொண்டேன்.
பிறகு அந்தப் பக்கம்
ஐஸ் கச்சாங் கடையில் கட்டி அரைபடுகிற சத்தம்.
அவ்வளவுதான்.
இரண்டு பேரும் இறங்கினார்கள்.
ஷம்சூல் தொப்பியைத் தேடினார்,
அது தலையிலேயே இருந்தது.
வலது இறக்கையில் நாலடி காணோம்.
பச்சைக் கண்ணாடித் துண்டுகள்
என் செருப்புவரை வந்திருந்தன.

வலது இறக்கையோடு போனது யார்?
யாருமில்லை. போக வேண்டியவள் கோமளவல்லி.
மகனுக்கு மூச்சிரைப்பு,
ஆறு மணியிலிருந்து கிளினிக் வரிசையில்.
அவள் வந்திருந்தால்
விளக்கை ஆட்டி நிறுத்தியிருப்பாள்,
அல்லது
அந்த நாலடிக்குள்தான் நடந்திருப்பாள்.
இதை எழுதக் கட்டம் இல்லை.
ஆள் பற்றாக்குறை என்று அவரே போட்டுக்கொண்டார்.

பதினொன்றேகாலுக்கே தெளிந்துவிட்டது அன்றைக்கு.
முட்டிக்கொண்டு நின்ற இரண்டையும்
மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படமெடுத்துப் போனார்கள்.

நடந்து காட்டுங்கள் என்றார் அதிகாரி, கையில் கடிகாரம்.
ஓடுதளம் கோடிவரை வெயில்.
நடந்தேன்.
வேகமாகப் போகிறீர்கள், அன்று மாதிரி நடங்கள் என்றார்.
மறுபடி நடந்தேன்.
வலக்கை தானாக நீண்டு
இல்லாத நுனியைத் தேடியது.
மூன்றாம் முறையும்
அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.