டிசம்பர் முப்பத்தொன்று வரை செல்லும்

வாட்சோவில் சூரியன் போய் ஐந்து வாரம்.
குளிர்பெட்டிக் கதவில், மான்கொம்பு காந்தத்துக்குக் கீழே
என் சோதனைத் தாளின் நகல்:
விமானத் திறன், கேப்டன் மாரெத் உட்சி,
டிசம்பர் முப்பத்தொன்று வரை செல்லும்.
அதை முக்கால்வாசி மறைத்தபடி
மகளின் பல்மருத்துவச் சீட்டு.

மூன்று மாத அவகாசம் தருகிறது சட்டம்.
அதற்குள் எந்த நாள் முடித்தாலும்
பழைய கெடுவிலிருந்தே அடுத்த கெடு;
முந்தியவருக்கு நட்டமில்லை.
நான் முந்தவில்லை.
அக்டோபரில் மகளுக்குச் சின்னம்மை.
நவம்பரில் புயல், ஓடுபாதையில்
உப்பு வண்டிகூட நிற்கவில்லை.
டிசம்பரில் ஸ்டாக்ஹோம் சிமுலேட்டரின்
காலொன்றில் எண்ணெய் கசிந்தது.
மிஞ்சியது இருபத்தொன்பதாம் தேதி,
அதிகாலை இரண்டு நாற்பது.
அட்டவணை போடும் குன்வோர் போனில் சொன்னாள்:
"இதையும் விட்டால்
புத்தாண்டிலிருந்து நீ பயணி.
காபி இலவசம்."

பெரிய கொட்டகை. ஆறு கால்களில் ஒரு வெள்ளைப் பெட்டி.
ஏறி வாரைப் பூட்டியதும்
பின்னிருக்கையில் தொண்டையைக் கனைத்தார் தூர்கெய்ர்,
பதினோரு வருடம் என்னோடு பறந்தவர்,
என் கல்யாணத்தில் மீன்சூப்பை
இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தவர்.
இன்று சோதகர். மாரெத் என்று கூப்பிடவில்லை.
"கேப்டன்," என்றார்,
ஏதோ பொத்தானை அழுத்தினார்.

நண்பகல்.
பெர்லெவோக்கின் மேல் அப்பழுக்கில்லாத நீலம்.
ஐந்து வாரத்தில் நான் கண்ட முதல் சூரியன்
ஒரு புரொஜெக்டரிலிருந்து வந்தது.
கண் கூசியது. மறைப்பை இறக்கினேன்.
பக்கத்தில் சின்ட்ரெ சிரித்துவிட்டான்.

எண்பது. சரி.
வி ஒன்று.
இடது எஞ்சின் செத்தது.
வலக்காலை ஊன்றினேன், தொடை நடுங்கும்வரை.
பெட்டி எழுந்தது, இல்லாத கடல் சாய்ந்தது.
நானூறு அடியில் தீ மணி.
இருபது வருடம் மனப்பாடமான வரிகளை
வாய் சொல்லிக்கொண்டே போக
கை போய்விட்டது
வலது நெம்புகோலுக்கு.
ஓடிக்கொண்டிருந்த நல்லதுக்கு.

"உறுதிசெய்க," என்றான் சின்ட்ரெ.
எப்போதும் சொல்கிற சொல்தான்.
அரை நொடி மெதுவாகச் சொன்னான்.

நின்ற கையைப் பார்த்தேன்:
கடிகாரம், மீன்கத்தித் தழும்பு,
எல்லாம் என்னுடையவை.
பிறகு இடது.
"இடது, சரி," என்றான்.

நான்கு மணி நேரம். தூர்கெய்ர்
சூரியனை அணைத்தார், மூடுபனி போட்டார்,
பக்கக்காற்று போட்டார், திரும்பவும் சூரியனைப் போட்டார்.

காலை ஏழரைக்கு, ஜன்னலில்லாத ஓர் அறையில்
தாளை என் பக்கம் திருப்பினார்.
எல்லாக் கட்டத்திலும் தேர்ச்சி.
அடியில், குறிப்பு என்ற இடத்தில், கிறுக்கலாக:
கை முந்தியது. துணை விமானி நிறுத்தினார்.
"இதை எழுதத்தான் வேண்டுமா?"
"நீ என் இடத்தில் இருந்தால்?"
பேனாவை நீட்டினார்.
வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி மூன்று. நிஜ பெர்லெவோக், நிஜ இருட்டு.
நண்டுத் தொழிற்சாலை ஆட்கள் ஒன்பது பேர்,
மடியில் கேக் பெட்டியோடு ஒருவர்,
பிரசவத்துக்கு ஹம்மர்ஃபெஸ்ட் போகிற ஒருத்தி.
எஞ்சின் இரண்டும் ஒரே சுருதியில் ஓடின.
எதுவும் நடக்கவில்லை.
நடக்காத அவ்வளவு நேரமும்
இரண்டு நெம்புகோலையும் சேர்த்தே பிடித்திருந்தேன்.

புதுத் தாள் ஜூன் முப்பது வரை செல்லும்.
அந்த நாளில் எங்கள் ஊரில்
நள்ளிரவுக்கும் சூரியன் இருக்கும்.
இந்த முறை மேலே எதையும் ஒட்டவில்லை.
அவகாசம் தொடங்கும் நாளைத் தேடி
காலண்டரில் ஏப்ரல் ஒன்றைச் சிவப்பில் வட்டமிட்டேன்.

"முட்டாள்கள் தினம்மா அது," என்றாள் மகள்,
"நீ வருவதாகச் சொன்னால்
யாரும் நம்பமாட்டார்கள்."